கணினியின் ஆயுளை யார் தீர்மானிப்பது?

கணினியை உபயோகிப்போர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளத்தக்க இரண்டு தேதிகளை 2025-ஆம் ஆண்டு விட்டுச் சென்றிருக்கிறது. ஜூலை 8-ஆம் தேதி, இணையத்தில் கண்ட கட்டுரைகளைப் பிற்பாடு நிதானமாக வாசிப்பதற்கென்று உலகெங்கும் பலர் சேமித்து வைத்திருந்த 'பாக்கெட்' என்னும் சேவையை மோசில்லா ஸ்தாபனம் நிறுத்தியது. அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பு உதவி முடிவுக்கு வந்தது. முதலாவது வாசகரின் சேகரத்தைப் பாதித்தது. இரண்டாவது அவருடைய யந்திரத்தையே பாதித்தது. நாம் பணம் கொடுத்து வாங்கிய பொருளும், நேரம் செலவிட்டுத் திரட்டிய குறிப்பும் எத்தனை காலம் உயிரோடு இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாருடையது என்பதே இவ்விரண்டிலும் அடங்கியிருக்கும் கேள்வி.

அந்த அதிகாரம் உபயோகிப்பவருடையதாகவே இருக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கட்சி. அது வெறும் ஆசையன்று. அதைக் கைக்கொள்வதற்கு வேண்டிய சாதனங்களும் வழிகளும் சாமானியருக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

யாருக்குக் கஷ்டம்?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அதன் பின் 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, முந்தைய பதிப்புகளில் காணாத கண்டிப்பான நிபந்தனைகளோடு வந்தது. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவை அநேகமாக எல்லாக் கணினிகளிலும் இருப்பவைதாம். ஆனால், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் தயாரிப்பானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிற்பட்ட பிராசஸரும் இருந்தாக வேண்டும் என்ற விதியினால், 2017-இன் தொடக்கத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கப்பெற்ற ஏழாம் தலைமுறை யந்திரங்கள்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன.

இந்த நிபந்தனையை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ரகசியச் சாவிகளை மற்ற மென்பொருள்கள் தொடமுடியாத தனியிடத்தில் பூட்டிவைப்பது களவுக்கு எதிரான நல்ல காப்புத்தான். ஆயினும், அக்காப்பின் விலையைக் கொடுப்பவர் யார் என்று பார்க்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.

தாலுகா அலுவலக வாசல்களில், பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் மனு அடித்துத் தருகிற டைப்பிங் சென்டர்களைப் பாருங்கள். ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், பெரிய கம்பெனி ஒன்று கழித்துவிட்டதைச் சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் வாங்கிவந்த ஒரு கணினி. இம்மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. 'சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, கொஞ்சம் பொறுங்க' என்று டைப்பிஸ்ட் சொல்லும்போது, பேருந்துக்கு நேரமாகிவிட்ட கிழவியொருத்தி எதிரே நின்றுகொண்டிருப்பாள். புதுக் கணினி வாங்குங்கள் என்ற புத்திமதி முதலில் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான்.

அந்தப் புத்திமதி வருகிற சமயமும் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுக்கென எழுப்பப்படும் மாபெரும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால், 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராமின் விலை கடுமையாக ஏறியது. சில்லறை வாடிக்கையாளருக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த 'க்ரூஷியல்' வணிகத்தைக் கைவிடுவதாக மைக்ரான் கம்பெனி அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய வேளையில் கையிலிருப்பதைப் பேணுவதே விவேகம்.

மெதுவாவது எது?

'சிஸ்டம் ஸ்லோ' என்ற குறையைக் கேட்டவுடன் யந்திரம் முழுவதற்கும் வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உண்மையில், பத்து வருஷத்துக் கணினிகளில் பலவற்றின் பிராசஸர், கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பாடம் பார்க்கவும் இன்றும் போதுமானது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் இறைக்கிற சால் ஓட்டையானால் வயல் காயத்தானே செய்யும்? பழைய கணினியில் அந்த ஓட்டைச் சால், பெரும்பாலும் அதன் ஹார்டு டிஸ்க்.

மடிக்கணினியில் உள்ள சாதாரண ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி ஆகிறது. தேடும் தகவல் எங்கே இருக்கிறதோ அவ்விடத்துக்கு ஊசிமுனை நகர்ந்துபோய், தட்டு அங்கே சுழன்று வரும்வரை காத்திருக்கவேண்டும். ஆகையால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக்கிடக்கும் சிறு தகவல்களை விநாடிக்கு நூறு முறை எடுத்துத் தருவதே அதற்குச் சிரமம். சுழலும் பாகம் எதுவுமில்லாத எஸ்எஸ்டியோ அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது.

இதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியைப் போட்டுச் சில நிமிஷங்கள் ஆனபின்பும் 'டிஸ்க்' என்ற பத்தியில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்க, பக்கத்திலுள்ள 'சிபியு' பத்தியில் சொற்ப எண் இருக்குமானால், பிராசஸர் வேலையின்றிக் காத்திருக்கிறது, டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது என்று பொருள். 'மெமரி' பத்தி நிரம்பி வழியுமானால் ராம் போதவில்லை; இடமில்லாமல் வெளியே தள்ளப்பட்ட தகவல்கள் டிஸ்க்கில் தங்கி, மறுபடியும் அழைக்கப்படும்போதெல்லாம் அந்த மெதுவான வழியிலேயே திரும்பி வருகின்றன.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் அது மிகவும் பொருந்தும். விசிறியின் வாயில் தூசு அடைத்துக்கொண்டு சூடு ஏறினால், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சர்வீஸ் கடையில் விசிறியைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பழைய வேகம் திரும்புவதுண்டு.

டிஸ்க்கை மாற்றுவது, ராம் கூட்டுவது, தூசு துடைப்பது ஆகிய இம்மூன்று காரியங்களுக்கும் ஆகும் மொத்தச் செலவு, இன்றைய விலையேற்றத்திலும், புது யந்திரத்தின் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

பெருத்துப்போன மென்பொருள்

சாதனம் இவ்வளவு முன்னேறிய பிறகும் காத்திருப்பு ஏன் தீரவில்லை? பாஸ்கல் மொழியை இயற்றிய ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பேரறிஞர் நிக்லாஸ் விர்த், மென்பொருள் மெலிந்திருக்கவேண்டும் என்று வாதாடி 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். சாதனங்கள் வேகம் பெறுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மந்தமடைந்து வருகிறது என்பது அதில் அவர் எடுத்துக்காட்டிய உண்மை. அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 95, 4 எம்பி ராம் இருந்தால் போதும் என்றது. 2001-இல் வந்த எக்ஸ்பி 64 எம்பி கேட்டது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. அதாவது, விண்டோஸ் 95 கேட்டதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இந்த வளர்ச்சி முழுவதும் வீண் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். யூனிகோடு தமிழ் எழுத்தைத் தன் இயல்பாகவே காட்டும் ஆற்றல், விண்டோஸ் 2000-த்தில் 'லதா' எழுத்துருவோடு வந்து சேர்ந்தது. படமும் ஒலியும் பாதுகாப்பும் வளர்ந்தன. ஆனால், கேட்காமலே பின்னணியில் ஓடுகிற செயலிகளும், விளம்பரங்களும், கணினியைத் திறக்கும்போதே தாமும் எழுந்துகொள்கிற துணை மென்பொருள்களும் யாருடைய சௌகரியத்துக்காக இருக்கின்றன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மனு அடிக்கிறவர் அன்று அடித்த அதே மனுவைத்தான் இன்றும் அடிக்கிறார்; அவருக்கு வேண்டிய வேகம், அவர் காரியம் முடிகிற வேகமே. ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேகத்துக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.

இலவச மாற்று உண்டு, எல்லாருக்கும் அன்று

இவ்விடத்தில் லினக்ஸ் என்னும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டொர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அந்த முயற்சியின் கிளைகளில், லினக்ஸ் மின்ட், லுபுன்டு, சுபுன்டு போன்றவை பழைய யந்திரங்களிலும் தாராளமாக ஓடுகின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் இலவசமாக வருகின்றன. தமிழ்99 விசைப்பலகை அவற்றில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளில் தமிழ் எழுதத் தடையில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வியை நடத்தி வருகின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், ஏறக்குறைய 30,000 அரசுக் கணினிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து விடுவித்து லிப்ரே ஆபீஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றுவதாக 2024-இல் அறிவித்தது.

ஆனால் இது எல்லாருக்கும் ஏற்ற மருந்தன்று. டாலியில் கணக்கு எழுதுகிற கடைக்காரரும், டிஜிட்டல் கையொப்பத்துக்கு யுஎஸ்பி டோக்கன் செருகுகிற ஆடிட்டர் அலுவலகமும், பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருக்களிலும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற அச்சகத்தாரும் ஒரே நாளில் மாறிவிட இயலாது. அவர்களை மாறச் சொல்லி நிர்ப்பந்திப்பதும் ஒருவகை அதிகாரமே. படிப்பு, இணையம், கடிதம், காணொளி இவையே தேவையான வீடுகளுக்கு லினக்ஸ் பெரிய அனுகூலம்.

ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன சிஸ்டத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. 2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்னும் தீய மென்பொருள் இங்கிலாந்தின் மருத்துவமனைகளை முடக்கியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது; அதை ஏற்றிக்கொள்ளாத யந்திரங்களே அதற்கு இரையாயின. ஓடுகிறதே என்ற தைரியம் போதாது.

திறந்தே கிடக்கும் டேப்கள்

இனி, தொடக்கத்தில் கண்ட சேகரத்துக்கு வருவோம். வேகத்துக்கும், பக்கங்களின் முகவரியைக் குறித்துவைக்கும் புக்மார்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு. பிரௌசரில் முப்பது, நாற்பது டேப்களை மூடாமல் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'மூடினால் மறுபடியும் கிடைக்காது' என்பார்கள். மாணவர்க்கு உதவித்தொகை அறிவிப்பு, விவசாயிக்கு மானிய விண்ணப்பம், ஆராய்ச்சியாளருக்கு ஓர் அரிய கட்டுரை என்று, இழந்துவிடுவோமோ என்னும் பயமே டேப்களாகத் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு டேபும் ராமில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள, 4 ஜிபி யந்திரம் திணறுகிறது. ஒழுங்கான புக்மார்க் பழக்கம் ஒன்று இருந்தால், அவற்றில் பெரும்பகுதியைக் கவலையின்றி மூடிவிடலாம். காசு செலவில்லாமல் கணினிக்கு வேகம் கிடைக்கும்.

ஆனால் அந்தப் பழக்கத்தைப் பிறருடைய நிழலில் வளர்த்தால் என்னவாகும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது. 2003-இல் தோன்றி, பிறர் பார்க்கும்படி புக்மார்க்குகளைக் குறிச்சொற்களோடு சேமிக்கும் வழியைப் பிரபலப்படுத்திய 'டெலிஷியஸ்', 2005-இல் யாஹூவின் கைக்குப் போய், பின்னர் கைமாறிக் கைமாறி, 2017-இல் புதிதாக எதையும் ஏற்காத வெறுங்காட்சியாக ஓய்ந்தது. கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. பாக்கெட்டின் முடிவை மேலே கண்டோம். சேவை நன்றாகத்தான் இருந்தது, உபயோகிப்போரும் இருந்தனர். கம்பெனியின் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவே.

குறித்துவைத்த முகவரியே அழிந்துபோவது இதைவிடப் பெரிய நஷ்டம். அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம், பத்தாண்டுகளுக்குள் கிடைக்காமற் போய்விட்டன. 2009-இல் யாஹூ மூடிய 'ஜியோசிட்டீஸ்' தளத்தோடு லட்சக்கணக்கான தனிமனிதர்களின் பக்கங்கள் இடம் இழந்தன. தமிழிலும் வலைப்பதிவுத் திரட்டிகள் பல ஓய்ந்துபோக, அவற்றின் வழியாக மட்டுமே கண்டடையத்தக்கதாய் இருந்த எழுத்துக்களுக்கு வழி அடைபட்டுவிட்டது. குறைவாகவே எழுதப்படும் ஒரு மொழிக்கு ஒரு பக்கத்தின் இழப்பும் பெரிது.

குப்பையும் கணக்கில் வரவேண்டும்

யந்திரத்தைத் துறப்பது வீட்டுச் செலவோடு முடிகிற விஷயமன்று. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. இந்தியாவில் 2022-இல் வகுத்த மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து அமலில் உள்ளன. ஆயினும், கம்பியை எரித்துச் செம்பு எடுக்கிற தொழிலாளியின் நெஞ்சில் அந்தப் புகை இன்னும் படிந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு கணினியின் ஆயுளை நான்கு வருஷம் நீட்டிப்பது, அதை மறுசுழற்சிக்கு அனுப்புவதைவிட மேலான தர்மம்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதலாவதாக, கணினியை மாற்றும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நோய் எதில் என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க் ஆனால் எஸ்எஸ்டி போடுங்கள், மற்றவை பிறகு. 'ஸ்டார்ட்டப்' பகுதியில், கணினியோடு தாமும் எழுந்துகொள்ளும் வேண்டாத செயலிகளை நிறுத்துங்கள்.

இரண்டாவதாக, விண்டோஸ் 10-ஐ விடமுடியாதவர்கள், வீட்டு உபயோகத்துக்கென 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்புப் புதுப்பிப்புக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்துவைக்க இசைவோருக்குக் கட்டணமின்றி அதைப் பெறும் வழியும் தரப்பட்டிருக்கிறது. அத்தவணையும் முடிந்தால், டைப்பிங் வேலைக்கு மட்டும் இணையத் தொடர்பைத் துண்டித்து வைத்துக்கொள்ளுங்கள். அல்லது லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக, பிரௌசரில் தேவைப்படும் பக்கத்தைக் கண்ட்ரோல்-டி அழுத்திப் புக்மார்க் செய்து, 'அரசு', 'படிப்பு', 'வங்கி' என்று தமிழிலேயே கோப்புறைப் பெயர் கொடுங்கள். மாதம் ஒருமுறை புக்மார்க் மேனேஜரில் 'எக்ஸ்போர்ட்' செய்தால் எல்லாம் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக வந்துவிடும். நெட்ஸ்கேப் பிரௌசரின் காலத்தில் ஏற்பட்ட அந்த வடிவத்தை இன்றும் பிரதான பிரௌசர்கள் எல்லாம் படிக்கின்றன. அக்கோப்பை ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். எந்தப் புக்மார்க் சேவையில் சேர்வதானாலும், முழுச் சேகரத்தையும் வெளியே எடுக்க வழியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நான்காவதாக, அருமையான பக்கத்துக்கு முகவரி மட்டும் போதாது. பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள். 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபேக் மெஷின்' தளத்தில் அம்முகவரியைக் கொடுத்தால், பிறருக்கும் பயன்படும்படி ஒரு பிரதி அங்கே தங்கும்.

அரசாங்கம் செய்யத்தக்கவை

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ வழங்குவதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2011 முதல் பள்ளி மாணவர்க்கு லட்சக்கணக்கில் வழங்கிய அனுபவமும் நமக்கு உண்டு. கொடுப்பதோடு நில்லாமல், மாவட்டந்தோறும் அரசு ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களைக் கொண்டு பழுதுபார்க்கும் நிலையம் ஒன்று அமைத்தால், பழைய மடிக்கணினிகளுக்கு எஸ்எஸ்டியும் லினக்ஸும் ஏற்றித் தங்கை தம்பியருக்குப் பயன்படச் செய்யலாம். மாணவர்க்குத் தொழிலும் கைவரும். மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், முன்பு மடிக்கணினிகளில் ஏற்றித் தரப்பட்டதுண்டு; ஆனால் ஏற்றித் தருவது மட்டும் போதாது. இம்முறை ஆசிரியர்க்குப் பயிற்சி முன்னே வரட்டும்.

அரசுத் தளங்கள், 4 ஜிபி ராமும் சுமாரான இணைய வேகமும் உள்ள பழைய கணினியில் சோதிக்கப்பட்ட பிறகே வெளியிடப்படவேண்டும். தளத்தைப் புதுப்பிக்கும்போது அரசாணைகள், அறிவிப்புகள் ஆகியவற்றின் பழைய முகவரிகள் புதிய இடத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்று விதி செய்யவேண்டும்.

மத்திய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அந்த உரிமை சட்டமாக வலுப்பெறவேண்டும். பிரான்ஸ் 2021 முதல் மடிக்கணினிகளின்மேல், அவை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கத்தக்கவை என்பதற்கு மதிப்பெண் ஒட்டச் செய்தது. அதுபோன்ற மதிப்பெண்ணோடு, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்ற தேதியும் இங்கே விற்கும் ஒவ்வொரு கணினிப் பெட்டியின்மேலும் அச்சிடப்படவேண்டும். மருந்துக்கும் மாவுக்கும் காலாவதித் தேதி கேட்டுப் பெற்ற நுகர்வோர், ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அதைக் கேட்பதில் தவறொன்றுமில்லை. வாங்கும் நாளிலேயே அந்தத் தேதி தெரிந்துவிட்டால், எதை வாங்குவது, எத்தனை காலம் வைத்திருப்பது என்ற தீர்மானம் வாங்குகிறவரின் கைக்கு வந்துவிடும்.